டெனேரிஸ் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரு திறந்த மடல்

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூர் தேக்காவில் கூடும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களுக்கு வணக்கம்.

தொடர் முடிந்தது 2019 மே மாதம். இங்கே திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஒளிபரப்பு என்பதால் அன்றைக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் தே தாரே (நுரை பொங்கும் பால் தேநீர்) ஆறிப்போகிற அளவுக்கு ஒரே வழக்கு. சரணடைந்துவிட்ட தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கை, டிராகன்களோடு அரியணைக்காகப் போராடிய டெனேரிஸ் ஏன் கொளுத்தினாள்?

‘பைத்தியக்கார அரசனின் மகள், ரத்தத்திலேயே இருந்தது’ என்கிறது ஒரு கட்சி. ‘நல்ல பெண்ணை எழுத்தாளர்கள் கெடுத்துவிட்டார்கள்’ என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை.

அப்பன் கிறுக்கு, அதனால் மகளும் கிறுக்கு என்றால் எழுதுபவருக்கு அங்கே வேலையே இல்லை. நான்காம் சீசனின் கடைசி எபிசோடை நினைத்துப் பாருங்கள். டெனேரிஸ் ஆளும் மீரீன் நகர அரசவையில் ஓர் ஏழைத் தகப்பன் துணி மூட்டையைப் பிரிக்கிறான். உள்ளே கருகிய எலும்புகள். டெனேரிஸின் மூன்று டிராகன்களில் ஒன்றான டிரோகன் எரித்த அவனுடைய மூன்று வயது மகள். டிரோகன் எங்கோ பறந்துவிட்டது. மற்ற இரண்டு டிராகன்களையும் நிலவறைக்கு அழைத்துப்போய், தன் கையாலேயே கழுத்தில் சங்கிலி மாட்டுகிறாள் டெனேரிஸ். அவை கதற, அழுதுகொண்டே வெளியேறுகிறாள். ஒரு குழந்தைக்காகத் தன் பிள்ளைகளாக வளர்த்த டிராகன்களைப் பூட்டியவள் அவள்.

சரி, அதற்காக அப்பாவியும் இல்லை. அதே சீசனில், கொல்லப்பட்ட அடிமைக் குழந்தைகளுக்குப் பதிலாகத் தலைக்கு ஒருவர் என்று 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தாள். அவர்களில் குற்றவாளி யார், அதை எதிர்த்தவர் யார் என்று விசாரிக்கவில்லை.

இந்த இரண்டு பேரும் ஒருத்திதான் என்பதே அந்தப் பாத்திரத்தின் அழகு. எரித்ததில் எனக்குச் சண்டை இல்லை. எரிக்கும்போது அவளைக் காட்டாமல் விட்டதுதான் என் புகார். நகரம் சரணடைந்ததற்கான மணி ஒலிக்கிறது, அவள் முகம் சில நொடிகள் தெரிகிறது, அவளைச் சுமந்து டிரோகன் எழும்புகிறது. அதற்கப்புறம் அந்த எபிசோட் முடியும்வரை அவள் முகமே இல்லை; கேமரா கீழே தெருவில், தப்பிக்கப் பார்க்கும் ஆர்யா என்ற பெண்ணோடு ஓடுகிறது. அந்தத் தெருக்காட்சிகள் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் முடிவெடுத்தவள் மேலே இருக்கிறாளே!

நம் கண்ணகியும் பாண்டியன் உயிர் விட்ட பிறகுதான் மதுரையை எரித்தாள். யாராவது ‘ஏன் எரித்தாள்’ என்று குழம்பினோமா? இளங்கோ கடைசிவரை அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. மூத்தோர், குழந்தைகள் என்று யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று தீக்கே அவள் கட்டளையிடுவதையும் கேட்கிறோம். டெனேரிஸின் தீ யாரை விட வேண்டும், அவள் அதை நினைத்தாளா இல்லையா என்று நமக்கு ஒரு கண்ணசைவுகூடக் கிடைக்கவில்லை.

அவசரமும் ஒரு காரணம். பத்துப் பத்து எபிசோடாக வந்த தொடர், ஏழாவது சீசனில் ஏழு, எட்டாவதில் ஆறு என்று சுருங்கியது. அவளுக்கு நெருக்கமான ஜோரா, டிராகன் ரேகல், மிஸாண்டே மூவரும் அடுத்தடுத்த இரண்டே எபிசோடில் போய்விடுகிறார்கள். துக்கம் கோபமாக மாற நேரமே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் சனிக்கிழமை யாரும் ‘ரத்தம்’ என்று ஆரம்பிப்பதற்குமுன் அந்த நிலவறைக் காட்சியையும் மணிக் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்போம். லேப்டாப் நான் கொண்டுவருகிறேன். அவள் முன்னோர் கதையான ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.