கண்ணாடி எங்கே என்று கேட்ட தாதிக்கும், செருப்பை விட்டுப்போன தம்பிக்கும்

அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும், இன்றுதான் உட்கார முடிந்தது.

முதலில் அந்தத் தம்பிக்கு. காலை ஆறரைக்கு அப்பா சமையலறையில் சரிந்ததும் ஆம்புலன்ஸுக்கு 995க்கு அடித்தேன். எடுத்தவர் ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள், நான் எண்ணுகிறேன் என்று எண்ணவே ஆரம்பித்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் எனக்குக் கை விட்டுப்போயிற்று. அக்கம்பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றால் தன்னார்வலர்களுக்குச் சொல்லும் மைரெஸ்பாண்டர் செயலியில் தகவல் பார்த்து, பக்கத்து புளோக் லிஃப்ட் அருகே மாட்டியிருக்கும் ஏஇடி பெட்டியோடு, அதாவது இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவியோடு, நீங்கள் ஓடி வந்தது அப்போதுதான். ஒரே ஷாக்கில் துடிப்பு திரும்பியது. நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறையும் என்று மருத்துவர் பிறகு சொன்னபோது அம்மா உங்களை நினைத்துத்தான் அழுதார். லிஃப்டை விடாமல் பிடித்து வைத்திருந்த எதிர்வீட்டு மலாய் அம்மா மக்சிக்குக்கும், ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்கும் நன்றி.

மருத்துவமனையில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு பலூன் செய்து ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைத்தோம். சுவாசக் குழாயை எடுத்த மறுநாள் இரவு அப்பா, "ஷிப்யார்டுக்கு நேரமாச்சு, என் பூட்ஸ் எங்கே?" என்று வயர்களைப் பிடுங்கப் பார்த்தார். வேலையை விட்டு 14 வருஷம் ஆகிறது! மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டோம்.

இரவுப் பணியில் இருந்த தாதிதான் எங்களை உட்காரவைத்து விளக்கினார். இது டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம், ஐசியுவில் வயதானவர்களுக்கு அடிக்கடி வருவது, தூக்கம் கெடுவது, மருந்துகள், பகலா இரவா என்று தெரியாமல் கிடப்பது எல்லாம் சேர்ந்து இப்படி ஆக்கும், நீடித்தால் உடம்பு தேறுவதும் தள்ளிப்போகும் என்றார். அப்புறம் கேட்டார்: "அவருடைய கண்ணாடி எங்கே? காது மெஷின் எங்கே?"

இரண்டும் என் வீட்டு அலமாரியில். தொலைந்துவிடக் கூடாதே என்று நானேதான் எடுத்து வந்திருந்தேன். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல், சுற்றிலும் பீப் பீப் சத்தத்தில் ஒரு மனுஷன் எப்படித் தெளிவாக இருப்பார்? விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தாதி பிலிப்பீன்ஸ்காரர். தமிழில் நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி, கட்டில் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டார். "வலிக்குதா தாத்தா?" என்று அவர் கேட்டதும் அப்பா சிரித்தார் பாருங்கள், விழுந்ததற்குப் பிறகு முதல் சிரிப்பு அதுதான். இரவானால் விளக்கைக் குறைத்து, காலையில் திரையை விலக்கி, இன்று என்ன கிழமை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னதும் அவரே. இரண்டு நாளில் ஷிப்யார்ட் பேச்சு நின்றது.

இன்னும் பலவீனமாக இருக்கிறாரே என்று நான் தடுத்தும் கேட்காமல் அவரை நாற்காலியில் உட்காரவைத்த இயன்மருத்துவருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். படுத்தே கிடந்தால் தசை கரையும், சளி கட்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு அன்று காதில் ஏறவில்லை.

இப்போது வாரம் இரண்டு தடவை இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போகிறார். பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங்தான் குடிக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.

தம்பி, பேர்கூடச் சொல்லாமல் வெறுங்காலோடு கிளம்பிவிட்டீர்கள். உங்கள் நீலச் செருப்பு எங்கள் வாசலில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா காவல் இருக்கிறார்.