மடக்குக்கத்தியை முதுகுப்பக்கம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பழைய மடக்குக்கத்திகளைச் சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாணயம், தபால்தலையைத் தாண்டி இப்படியொரு பொருளுக்கு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதிலுள்ள இரண்டு யோசனைகளை அப்படியே விட்டுவிட முடியாது. கத்தியில் அலகின் எண்ணிக்கை கூடக்கூட மதிப்பும் கூடும் என்பது ஒன்று. வாங்கியதும் பளபளவென்று தேய்த்து வையுங்கள் என்பது இன்னொன்று. முதலாவதை நம்பினால் பணம் போகும், இரண்டாவதை நம்பினால் கத்தியே போகும்.

அலகை எண்ணுவதுதான் கணக்கு என்றால், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்த 75 அலகு நார்ஃபோக் கத்தியோடு பேச்சு முடிந்துவிடும். அது பார்வைக்குச் செய்தது, எந்தச் சட்டைப்பைக்கும் அடங்காது. பையில் வைத்துப் புழங்கிய கத்திகளில் பார்க்க வேண்டியது 'பேட்டர்ன்'. கைப்பிடி என்ன வடிவம், எந்தெந்த அலகு, எது எந்த முனையில் இருக்கிறது, அலகை இறுக்கிப் பிடிக்க முதுகில் எத்தனை ஸ்பிரிங் என்ற நான்கும் சேர்ந்துதான் பேட்டர்ன்.

உங்கள் படத்தில் 'ஒரே ரகம், இரண்டு அளவு' என்று போட்டிருந்த இரண்டும் வெவ்வேறு பேட்டர்ன். இரண்டிலும் மூன்று அலகு இருப்பதால் வந்த குழப்பம் அது. இடப்பக்கம் இருப்பது ஸ்டாக்மேன், அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்களின் கத்தி. கைப்பிடி லேசாக நெளிந்திருக்கும். பெரிய அலகு 'கிளிப்', முனையருகே முதுகை வெட்டிக் குறைத்தது, பொது வேலைக்கு. 'ஷீப்ஃபுட்' அலகின் வெட்டும் ஓரம் நேர்கோடு. முதுகுதான் வளைந்து இறங்கும். மூன்றாவது 'ஸ்பே', கன்றுகளுக்குக் காயடிக்கப் பயன்பட்டது. வேண்டாத இடத்தில் குத்திவிடக் கூடாது என்பதற்காகவே அதன் முனை மழுங்கலாக இருக்கும். தசைக்கு மட்டும் என்று அலகிலேயே பொறித்த ஸ்பேக்களும் உண்டு.

இந்த மூன்று அலகுக்கும் பெரும்பாலான ஸ்டாக்மேன்களில் இரண்டே ஸ்பிரிங். அப்படியானால் எதிரெதிர் முனைகளிலுள்ள இரண்டு அலகுகள் ஒரே ஸ்பிரிங்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மடக்கும்போது ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, அலகை அடியில் இம்மியளவு பக்கவாட்டில் வளைத்திருப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு அலகு கோணிவிட்டது என்று சுத்தியலால் தட்டி நேராக்கியவர்கள் இருக்கிறார்கள். நேரானதும் பக்கத்து அலகில் கீறல் விழும். அந்த வளைவு பட்டறையில் வேண்டுமென்றே வைத்தது.

வலப்பக்கம் இருப்பது விட்லர், மரம் செதுக்குகிறவர்களின் கத்தி. பெரிய அலகு ஒரு முனையில் தனியாக இருக்கும். அதன் அடிக்கட்டை (மூட்டோடு சேரும் கூரில்லாத அடிப்பாகம்) இரண்டு ஸ்பிரிங்கின் மேலும் ஒருசேர உட்காரும். அழுத்தம் கொடுத்துச் செதுக்கும்போது அலகு ஆடாமல் நிற்பது இதனால்தான். எதிர்முனையில் இரண்டு சிறிய அலகுகள், தலைக்கு ஒரு ஸ்பிரிங். நடுவில் ஆப்புபோல் ஒரு தகடு செருகியிருக்கும். முதுகைத் திருப்பிப் பார்த்தால் ஸ்பிரிங்குகள் ஒரு முனையில் ஒட்டியும் மறுமுனையில் விரிந்தும் போவது தெரியும். அலகைத் திறக்காமலே விட்லரை அடையாளம் சொல்லிவிடலாம். மற்றவை இவ்வளவு குழப்பம் தராதவை. முதுகு உட்குழிந்து நான்கு அலகோடு வந்தால் பெரும்பாலும் காங்கிரஸ் (கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!). நீளமான இரண்டு அலகும் ஒரே முனையில் இருந்தால் டிராப்பர்.

வயதைக் கண்டுபிடிக்க அலகின் அடிக்கட்டையில் உள்ள முத்திரையைப் படிக்க வேண்டும். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செயல்படும் கேஸ் நிறுவனத்தின் கத்திகள் இதற்கு நல்ல பாடம். 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று மட்டும் இருந்தால் ஏறக்குறைய 1940 முதல் 1964 வரை. கீழே 'யுஎஸ்ஏ' சேர்ந்தால் 1965 முதல் 1969 வரை. 1970இல் பத்துப் புள்ளிகள் வைத்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஐந்து புள்ளி என்றால் 1975, ஒரு புள்ளி என்றால் 1979. 1980இல் மறுபடி பத்திலிருந்து ஆரம்பம், ஆனால் இம்முறை 'எஸ்' எழுத்து மின்னல்கீற்றுபோல் முறிந்திருக்கும். புள்ளியை எண்ணிவிட்டு எழுத்தைப் பார்க்க மறந்தால் கணக்கு பத்து வருடம் தவறும்.

பேட்டர்ன் எண்ணும் அப்படியே. 6347 என்பதில் முதல் 6 கைப்பிடி எலும்பு என்பதற்கு, 3 அலகு எண்ணிக்கைக்கு, 47 கத்தியின் வடிவத்துக்கு (மடக்கினால் 3⅞ அங்குல ஸ்டாக்மேன்). 5 என்றால் மான்கொம்பு. எண்ணின் பின்னால் வரும் எழுத்துகளில்தான் வகைபேதம் ஒளிந்திருக்கிறது. அதே 47இல் ஸ்பேக்குப் பதிலாகத் தோல் துளைக்கும் பஞ்ச் வைத்தவை உண்டு, 'பேனா' என்ற சிறிய அலகு வைத்தவையும் உண்டு. ஒன்றை எச்சரிக்க வேண்டும்: எலும்பைப் போலவே வார்த்த டெல்ரின் பிளாஸ்டிக் கைப்பிடிக்கும் கேஸ் 6 என்றே போட்டது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் நாட்டுச் சோதனை வேண்டாம், பிளாஸ்டிக்கில் ஓட்டை நிரந்தரம். நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸால் ஓரத்தைப் பாருங்கள். எலும்பில் நுண்துளைகளும் கருங்கோடுகளும் தெரியும். டெல்ரின் எங்கும் ஒரே சீராக இருக்கும்.

ஷெஃபீல்டு கத்திகளில் 'இங்கிலாந்து' என்ற சொல் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா அந்த ஆண்டு சட்டம் போட்டது. அந்தச் சொல் இல்லாததாலேயே அதற்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெயை மூட்டில் விட்டு, சிறிது நேரம் கழித்து மெதுவாகத் திறவுங்கள். காய்ந்த கிரீஸோடு இழுத்தால் நகம்தான் பெயரும். ஷீப்ஃபுட்டின் ஓரம் நேராக இல்லாமல் அடியில் உள்வாங்கியிருந்தால் பலமுறை தீட்டித் தேய்ந்த அலகு. மடக்கினால் அலகின் முனை கைப்பிடியின் உட்பக்கப் பித்தளைத் தகட்டுக்குக் கீழே மறைய வேண்டும். தேய்ந்த அலகில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை மறைக்க அடியிலுள்ள சிறு புடைப்பை அரத்தால் ராவிவிடுவார்கள். அப்போது நகத்தால் அலகைத் திறக்க வைத்த நகப்பள்ளம் தகட்டுக்குள் அமுங்கிவிடும், அலகின் கூர் ஸ்பிரிங்கில் இடித்து முறியும். கைப்பிடியின் முனையிலுள்ள உலோகத்தில் ரிவிட்டின் வட்டம் புதிதாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் யாரோ கழற்றி அலகு மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பழைய முத்திரையை ராவிப் புது முத்திரை குத்தினால் அடிக்கட்டை மெலிந்து, பக்கத்தில் இடைவெளி விழுந்து அலகு ஆடும்.

இனி தேய்க்கும் விஷயம். கார்பன் எஃகில் படிந்த சாம்பல்நிறம் துரு அல்ல, கீழே உள்ள எஃகைக் காக்கும் படலம். பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் அதோடு முத்திரையின் விளிம்பும் அலகின் பொறிப்பும் கரைந்துவிடும். செந்துரு இருக்கும் இடத்தை மட்டும் எண்ணெய் தொட்டு, 0000 நம்பர் இரும்புக் கம்பளியால் மெல்லத் தேய்த்து நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது, நாளாக நாளாகச் சிக்குப் பிடித்து மூட்டை ஒட்டவைக்கும். முத்துச்சிப்பிக் கைப்பிடியில் புளி, எலுமிச்சை எதுவும் படக் கூடாது. எலும்பை ஊறவைத்தால் ரிவிட்டைச் சுற்றி விரிசல் விடும்.

நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தோலுறை பெரிய எதிரி. ஈரத்தைப் பிடித்து வைத்து பித்தளையில் பச்சைக்களிம்பு ஏற்றும். அதைவிட மோசம் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் கைப்பிடி. அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனக் கத்தி எண்ணில் கடைசி இலக்கம் 5 என்றால் அந்த ரகம்தான். பழசாகிச் சிதையும்போது அமில ஆவி விடும். ஒரே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளும் துருவேறும். செல்லுலாய்டு கத்திகளைத் தனியாக, காற்றோட்டமாக வைக்க வேண்டும். கற்பூரம் கலந்த புளித்த வாடை அடித்தாலோ கைப்பிடி பிசுபிசுத்தாலோ உடனே பிரித்துவிடுங்கள்.

லைசென்ஸ் வேண்டுமோ என்று கட்டுரையாளர் அஞ்சியிருக்கிறார். ஆயுத விதிகள் சொல்வது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை. நான் சொன்ன எந்தப் பேட்டர்னும் அதன் பக்கத்தில்கூட வராது. விமானத்தில் மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் பறித்துக்கொள்வார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி