உறுதிமொழிப் படிவத்தில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருக்கும், செயலாளருக்கும், செயற்குழுவில் இருக்கும் அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை என் மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். ஃப்ரீ ஃபயர், பப்ஜி உள்ளிட்ட வன்முறை விளையாட்டுகளை என் பிள்ளை விளையாட மாட்டான் என்று நான் உறுதியளிக்க வேண்டுமாம். கீழே தந்தை கையொப்பம், தாய் கையொப்பம் என்று இரண்டு கோடுகள். மேலே ஒரு பத்தி: போன மாதம் பஸ் ஸ்டாப்பில் ஒரு மாணவன் இன்னொருவனைக் காம்பஸால் குத்திய சம்பவத்துக்கு இந்த மாதிரி விளையாட்டுகளே காரணம் என்று கழகம் கருதுகிறது, உலக அளவில் ஆய்வுகள் இதை நிரூபித்திருக்கின்றன, மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப்போகிறோம். படிவம் இன்னும் என் மேசைமேல்தான் கிடக்கிறது. வகுப்பு டீச்சர் பையனிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாராம். அவனைக் கேட்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டியவன் நான். மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என் கடை தெரியும். இன்றைக்கு ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம் என்று ஓடுகிறது. 2004 முதல் 2011 வரை அது பிரவுசிங் சென்டர். எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு 15 ரூபாய். சாயங்காலம் நாலரைக்கு மேல் நாற்காலி கிடைக்காது. கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்தில் நாலு பேர் போலீஸ், நாலு பேர் தீவிரவாதி. "லே, பின்னால வாரான், சுடுல, சுடுல!" என்று போடும் சத்தம் எதிரே இருந்த மருந்துக்கடை வரைக்கும் கேட்கும். அந்த மருந்துக்கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து சண்டை பிடிப்பார். ஏழு வருஷத்தில் என் கடைக்குள் விழுந்த பிணங்களை எண்ணினால் லட்சத்தைத் தாண்டும்.

நிஜமான கைகலப்பு மூன்றே மூன்று. ஒன்று காசு விஷயம். இன்னொன்று அந்தக் காலத்து ஃபேஸ்புக்கான ஆர்க்குட்டில் ஒருவன் யாருக்கோ எழுதிய ஸ்கிராப். மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு பையன்கள், பத்தாம் வகுப்பு, எப்போதும் ஒரே அணி. ஒருவன் கதவைப் பார்த்துக்கொள்வான், மற்றவன் உள்ளே போவான். வாய் திறக்காமலே அவர்களுக்குள் எல்லாம் நடக்கும். கடையில் ஒரு மண்பானையும் டம்ளரும் வைத்திருந்தேன். அவர்களில் ஒருவன் மட்டும் அந்த டம்ளரைத் தொடவே மாட்டான். தாகம் எடுத்தால் எழுந்து வெளியே போய், பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்க்குத் தண்ணீர் பாக்கெட் வாங்கிக் குடித்துவிட்டு வருவான். நான் ஒன்றும் சொன்னதில்லை, அவனாகவே அப்படிப் பழகியிருந்தான். ரொம்ப நாள் நான் அதைக் கவனிக்கவும் இல்லை, அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். ஒருநாள் மற்றவனுடைய அண்ணன் வாசலில் வந்து நின்றான். "எவன்கூடல உக்காந்து வெளாடுத?" என்று கேட்டான். முதல் அறை தம்பிக்கு. அடுத்து அந்தப் பையனின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து விலக்கிவிட்டோம். அதற்குப் பிறகு இருவரும் கடைப்பக்கம் வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அந்தத் தம்பியை ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் பார்த்தேன். மணிக்கட்டில் சாதிக்கு ஒரு நிறமாகக் கட்டும் கலர் கயிறு. அண்ணனுக்குப் பக்கத்தில், அண்ணனைப் போலவே நின்றுகொண்டிருந்தான். அந்த அண்ணன் என் கடையில் ஒரு நாளும் மவுஸைத் தொட்டவனில்லை.

கேம் வைத்துக் காசு பார்த்தவன் வேறென்ன சொல்வான் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். என் கடை ஆய்வுக்கூடமும் இல்லை. ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்று நீங்கள் எழுதியிருப்பதால் அதற்கே வருகிறேன்.

ஒரு பையனைப் பதினைந்து நிமிஷம் சுடும் விளையாட்டு ஆடவைத்துவிட்டு அவனுக்குள் வன்மம் ஏறியிருக்கிறதா என்று எப்படி அளப்பது? கையில் கத்தியைக் கொடுத்துப் பார்க்க முடியாது. அதனால் உளவியல் ஆய்வாளர்கள் சில வழிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்றில், எதிராளியின் காதில் எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் இரைச்சலை ஒலிக்கவிடுகிறான் என்று பார்ப்பார்கள். இன்னொன்றில், காரமே ஆகாத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய் சாஸ் ஊற்றிக் கொடுக்கிறான் என்று கிராம் கணக்கில் நிறுப்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இது உண்மையிலேயே நடக்கும் சோதனை. (நம் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களை இப்படி அளந்தால் பாதிப் பேர் கொலைகாரர் பட்டியலில் இருப்பார்கள்.) சாஸ் கொஞ்சம் கூடியது, இரைச்சல் கொஞ்சம் நீண்டது என்ற முடிவுகள்தான் நாளிதழுக்கு வரும்போது 'கேம் விளையாடினால் கொலை செய்வார்கள்' என்று ஆகிவிடுகின்றன.

அதற்காகத் தொடர்பே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. 2018இல் 24 ஆய்வுகளை, 17,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவோடு சேர்த்துப் பார்த்தார்கள். வன்முறை கேம் ஆடுகிறவர்களிடம் பின்னாளில் அடிதடிக் குணம் சற்றே கூடுவதாகத் தெரிந்தது, ஆனால் அளவு சிறியது. மறு வருஷமே ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை ஆராய்ந்தார்கள். பிள்ளைகள் சொல்வதோடு நிற்காமல் பெற்றோரிடமும் தனியாகக் கேட்டார்கள். தொடர்பு எதுவும் தென்படவில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் அமெரிக்க உளவியல் சங்கம் 2020 மார்ச்சில் தன் பழைய தீர்மானத்தைத் திருத்தியது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் வன்முறைச் சம்பவங்களுக்குக் காரணம் கேம்தான் என்று சொல்வதற்கு அறிவியல் இடம் கொடுக்கவில்லை என்பது அதன் சாரம். நீங்கள் படிவத்தில் எழுதியிருப்பது இதற்கு நேர் எதிர்.

பழியைக் கேம் மேல் இறக்கிவைக்கும் வழக்கம் நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1999இல் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இரு மாணவர்களும் டூம் என்ற சுடும் விளையாட்டை ஆடியவர்கள், அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சுட்டவன் யாரென்று முழுதாகத் தெரிவதற்கு முன்பே டிவியில் கேம்தான் காரணம் என்றார்கள். பிறகு மாநில அரசு அமைத்த குழு அவன் வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தது. வன்முறை கேம் ஆடியதற்கு அடையாளம் இல்லை. சின்ன வயதில் அவன் ஆடியதாக அகப்பட்டது சோனிக், நீல நிற முள்ளெலி ஒன்று ஓடி ஓடி மோதிரம் பொறுக்குமே, அது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நம்மைவிடப் பல மடங்கு கேம் ஓடுகிறது. கொலைக் கணக்கில் உலகிலேயே அடியில் இருக்கும் நாடுகளில் அவை இரண்டும் உண்டு.

தடை செய்தால் தீருமா என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் பப்ஜிக்குத் தடை போட்டு, போனில் விளையாடிய பத்துப் பேரைக் கைதுகூடச் செய்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜியை முடக்கியது, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை. இரண்டுக்கும் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, நம் தகவல்கள் வெளிநாட்டுக்குப் போகின்றன என்பது. வன்முறை என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. பப்ஜி வேறு பெயரில் திரும்பி வந்தது, ஃப்ரீ ஃபயர் 'மேக்ஸ்' என்று கூடவே இருந்தது. 2022 ஜூனில் லக்னோவில் 16 வயதுப் பையன் ஒருவன் தாயைச் சுட்டுக் கொன்றான். கேம் ஆட விடாததால் சுட்டான் என்று போலீஸ் சொன்னது, நம் சேனல்கள் நாலு நாள் அதையே ஓட்டின. சுடப் பயன்பட்டது அப்பாவின் லைசென்ஸ் துப்பாக்கி. அது எப்படி ஒரு பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்று ஒரு விவாத மேடை நடந்து நான் பார்க்கவில்லை.

இனி நம் பக்கம். இதைப் பேசத்தான் உங்களுக்கும் எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே ராத்திரியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதியைச் சொல்லித் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவன் பள்ளியில் சொன்னதுதான் குற்றம். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். பஸ்ஸை மறித்து வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவனுடைய அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

கபடி! போனில் ஓடாத, மண்ணில் ஆடுகிற, நாமெல்லாம் கோப்பை கொடுத்துக் கைதட்டுகிற விளையாட்டு. கபடியைத் தடை செய்யச் சொல்லி எந்தக் கழகமும் மனு கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. அந்த வெட்டுக்குக் கபடி காரணமில்லை என்பது அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்தது. யார் ஜெயிக்கலாம், யார் ஜெயிக்கக் கூடாது என்று அந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரியவர்கள் என்பதும் புரிந்தது. கேம் என்று வரும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போகிறது?

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கலர் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் எல்லாவற்றையும் பள்ளிக்குள் நிறுத்தச் சொன்னது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. உடனே எவ்வளவு பேருக்குக் கோபம் வந்தது என்று நினைவிருக்கும். அதற்கு முன்னால் 2019லேயே கயிறு பற்றிப் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அமைச்சரே சொல்லிவிட்டார். கேமைத் திட்டினால் யாருக்கும் கோபம் வராது. அதற்கு இந்த ஊரில் தெரு இல்லை, ஓட்டு இல்லை, கொடைக்கு வரி கொடுக்கும் குடும்பம் இல்லை. கழகம் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

போன மாத பஸ் ஸ்டாப் வீடியோ உங்கள் எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் வந்தது. பத்தொன்பது விநாடி. காம்பஸ் முனை தோளில் இறங்குவதை எல்லாரும் பார்த்தோம். நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். குத்தியவன் கையில் ஒரு நிறம், குத்துப்பட்டவன் பக்கம் நின்றவர்கள் கையில் இன்னொரு நிறம். அதற்கு முந்தின வாரம் பெஞ்சில் எழுதப்பட்ட வாசகம் எது, அதை அழித்தது யார் என்று ஒன்பதாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் மகன் சொல்லித்தான் எனக்கே தெரியும். உங்கள் படிவத்தில் பெஞ்சும் இல்லை, கயிறும் இல்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மகனுடைய போனை வாங்கிவைக்கும் அப்பன் நான். எத்தனை மணி நேரம் ஆடினான், எத்தனை 'கில்' எடுத்தான், கேமுக்குள் விற்கும் டைமண்டுக்குக் காசு போட்டானா என்று எல்லாம் பார்ப்பேன். இந்த மடலை எழுத உட்கார்ந்த பிறகுதான் அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். சித்திரைக் கொடையில் அவன் தாய்மாமன் கட்டிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. மச்சானிடம் என்ன சொல்வது, அந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். ஐந்து மாசமாக அது அவன் கையில்தான் இருக்கிறது. போனில் மணிக்கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமால் கெடுதலே இல்லையா என்றால், உண்டு. என் மகன் ரேங்க் ஏற்ற வேண்டும் என்று ராத்திரி ஒரு மணி வரை முழித்துவிட்டுக் காலையில் முதல் பீரியடில் தூங்கியிருக்கிறான். கேமில் வரும் துப்பாக்கிக்குப் புதுச் சட்டை மாட்ட 400 ரூபாயை என் ஜிபேயிலிருந்து எடுத்திருக்கிறான். மைக்கில் முகம் தெரியாதவன் பேசும் கெட்ட வார்த்தைகள் வீட்டுக்குள் வருகின்றன. விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தூக்கம், காசு, வாய் இந்த மூன்றுக்கும் ஒரு படிவம் கொடுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் போன் இல்லை என்று எழுதுங்கள், இரண்டு கோட்டிலும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். ஆட்சியருக்குக் கொடுக்கும் மனுவில் கயிறு பற்றி ஒரு வரி, சந்துரு குழு சொன்னதில் நம் பள்ளிக்குப் பொருந்துவது எது என்று ஒரு வரி சேருங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

கூட்டம் சனிக்கிழமை பத்து மணி என்று போட்டிருக்கிறீர்கள். கடையை மதியம் திறந்துகொள்கிறேன், வருகிறேன். மகனுடைய போனையும் கொண்டுவருகிறேன். செயற்குழுவில் யாருக்காவது ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்க விருப்பமிருந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகும். கயிற்றைப் பற்றி மச்சானிடம் வெள்ளிக்கிழமைக்குள் பேசிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவன் ஒருவனின் அப்பா