பாதி மட்டும் புதுசாகும் கிரப்

மெஷினை ஆன் செய்ததும் லினக்ஸை எழுப்பிவிடும் கிரப் பூட்லோடரைப் பராமரிப்பவர்களுக்கும், அதை உபுண்டு, ஆர்ச் போன்ற டிஸ்ட்ரோக்களில் பேக்கேஜாகக் கட்டித் தருபவர்களுக்கும்,

வணக்கம்.

2020 ஜூலை கடைசியில் 'பூட்ஹோல்' ஓட்டையை அடைத்தீர்கள். கிரப்பின் கான்ஃபிக் ஃபைலில் விஷமமாக எதையாவது எழுதிவைத்தால் கையெழுத்து சரிபார்த்த மென்பொருளை மட்டும் எழுப்பவிடும் செக்யூர் பூட்டையே ஏமாற்றிவிடலாம் என்ற நிலை. அடைத்தே ஆகவேண்டியதுதான். என் மெஷினில் செக்யூர் பூட்டே கிடையாது என்பது வேறு விஷயம். பழைய மெஷின்; அதை முதலில் எழுப்பும் ஃபர்ம்வேர் பயாஸ்தான். ஆனாலும் அப்டேட் வந்தது.

அதற்கு முன்பே ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு குளோன் செய்துவிட்டு, பழையதை போட்டோக்கள் போட்டுவைக்க உள்ளேயே விட்டிருந்தேன். அப்டேட் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை: 'எரர்: சிம்பல் கிரப்_கேலக் நாட் ஃபவுண்ட்', கீழே 'என்டரிங் ரெஸ்க்யூ மோட்'. எல்எஸ் அடித்தால் டிஸ்க் பெயர்கள் வரிசையாக வந்தன. மெனுவைக் காட்டும் மாட்யூலை ஏற்ற இன்ஸ்மாட் நார்மல் அடித்தால் மறுபடி அதே எரர்.

லைவ் பென்டிரைவில் ஏறிப் பார்த்தபிறகுதான் விளங்கியது. கிரப்பில் இரண்டு பாதி: டிஸ்க்கின் தொடக்கத்தில் உட்கார்ந்து முதலில் ஓடும் கோர், அது பிறகு பூட் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மாட்யூல்கள். முதல் இன்ஸ்டாலின்போது குறித்துவைத்த பழைய டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் புதிய கோர் உட்கார்ந்துகொண்டது. புதிய மாட்யூல்களோ எஸ்எஸ்டியின் பூட் ஃபோல்டருக்கு வந்துவிட்டன. பயாஸ் எழுப்புவது எஸ்எஸ்டியில் இருக்கும் பழைய கோரை. கேலக் என்ற ஃபங்ஷனே அந்தத் திருத்தத்தோடு வந்ததுதான். பழைய கோருக்கு அது எப்படித் தெரியும்? கோரை மறுபடி எழுதும் கிரப்-இன்ஸ்டால் கட்டளையால் ஒரே வரியில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த வரி தெரிந்தவர் எத்தனை வீட்டில் இருப்பார்?

2022 ஆகஸ்டில் ஆர்ச் லினக்ஸில் நடந்ததும் இதே கூத்து, வேஷம்தான் வேறு. ஃபர்ம்வேரின் அமைப்புகளை மாற்றும் செட்டப் திரைக்குப் போகும் வசதி இருக்கிறதா என்று புதிய கான்ஃபிக் கேட்டது. டிஸ்க்கில் இருந்த பழைய கிரப்புக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. 'செட்டப்பைத் திற' என்று எடுத்துக்கொண்டு, மெனுவைக் காட்டாமல் நேராக ஃபர்ம்வேர் திரையில் கொண்டுபோய் விட்டது.

லினக்ஸின் மையமான கெர்னலின் அப்டேட்டுக்கு நான் பயந்ததே இல்லை. ஒவ்வொரு வெர்ஷனின் மாட்யூலும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கிறது. புதுசு காலை வாரினால் மெனுவில் பழசு காத்திருக்கிறது. அந்த மெனுவைக் காட்டுகிற கிரப்புக்கு மட்டும் பழசு என்று ஒன்று கிடையாது. அதன் மாட்யூல்களையும் வெர்ஷன் வாரியாகப் பிரித்துவையுங்கள். பழைய கோர் தன் பழைய மாட்யூலைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும். எந்த டிஸ்க்கில் எழுதுவது என்பதில் சந்தேகம் வந்தால், எதையும் தொடாமல் நின்று கேளுங்கள். புதிய கட்டளை ஒன்றை கான்ஃபிக்கில் நுழைக்கும்முன், அதைப் பழைய கிரப் எப்படிப் புரிந்துகொள்ளும் என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அந்த மெஷின் இன்னும் இரண்டு டிஸ்க்கோடு என்னிடம் இருக்கிறது. பேட்ச் அனுப்பினால் போட்டு உடைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கிரப்பை நம்பித் தினமும் பவர் பட்டனை அழுத்தும் ஒருவன்