கண்மாயில் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாயை அழகுபடுத்தப் போவதாகச் சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்துடன் செய்தி வந்திருந்தது. சுற்றிலும் நடைபாதை, கரை நெடுகக் கான்கிரீட் சரிவு, நடுவில் விளக்கு வைத்த ஒரு திட்டு. படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு கொக்குகூட இல்லை. வரைந்தவர் மறந்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். திட்ட அறிக்கையிலும் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

போன மாசியில் கண்மாய் அழிந்தபோது, அதாவது தண்ணீர் வற்றி ஊரே இறங்கி மீன் பிடித்தபோது, நானும் கரையில் நின்றிருந்தேன். ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையைப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் உள்ளே கையை விட்டுத் துழாவி, முழங்கை நீளத்துக்கு ஒரு மீனை இழுத்துக் கரையில் எறிந்தார். தட்டைத் தலை, நீண்ட மீசைகள். நம் தேளியின் சாயல்தான், ஆனால் தேளி இவ்வளவு வளராது. "விரால் ஒன்றும் அகப்படவில்லையா?" என்று கேட்டேன். "இது வந்த பிறகு விரால் ஏது ஆச்சி?" என்றார்.

அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. அந்த மீனும் நானும் பழைய பழக்கம். 1987 முதல் பதினொரு ஆண்டுகள் போட்ஸ்வானா நாட்டில் மவுன் என்ற ஊரில் உயிரியல் ஆசிரியையாக இருந்தேன். பெண்களை மரியாதையாக 'ம்மா' என்று அழைக்கும் ஊர் அது. போன முதல் நாளே எனக்குப் பாதி வீட்டு நினைவு தீர்ந்துபோயிற்று. அங்கே மழைக்குப் பெயர் 'பூலா'. பணத்துக்கும் அதே பெயர்தான். வானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மவுன் ஒகவாங்கோ ஆற்றின் கடைமடை. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பிறந்து, நமீபியாவைத் தொட்டுக்கொண்டு போட்ஸ்வானாவுக்குள் வரும் அந்த ஆறு கடலுக்கே போவதில்லை. களகாரி மணலில் விசிறிபோல் விரிந்து அங்கேயே முடிந்துவிடும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று வையை கோபித்துக்கொண்ட கதையை வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்னொரு பொருத்தமும் உண்டு. அங்கோலாவில் மார்கழி முதல் பங்குனி வரை பெய்யும் மழை, நாணலுக்கும் பாப்பிரஸ் கோரைக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து, மவுனுக்கு வந்து சேர ஆனி, ஆடி ஆகிவிடும். உள்ளூரில் ஒரு துளி மழை இருக்காது. வறண்ட மண்ணில் தண்ணீரின் தலைப்பு வரும்போது குழந்தைகள் அதனோடு ஓடுவார்கள். காவிரிக் கரைக்காரர்களின் ஆடிப்பெருக்கை நான் உண்மையில் புரிந்துகொண்டது அங்கேதான்.

அந்த வெள்ளம் வடியத் தொடங்கியதும் நூற்றுக்கணக்கில் திரளும் கெளுத்திகளில், எங்கள் கண்மாயில் அகப்பட்ட இனமும் ஒன்று. கோரைக் கரையோரமாகக் கூட்டமாகப் போய், வாலால் அடித்துச் சின்ன மீன்களை வெளியே விரட்டும். மேலே கொக்கும் கழுகும், பக்கத்தில் முதலையும் காத்திருக்கும். அங்கே அதற்கு ஓர் இடம் உண்டு, அதைத் தின்ன ஆளும் உண்டு. இங்கே அதைக் கேட்க ஆளில்லை. மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே இதை வளர்க்கத் தடை விதித்துவிட்டது. 1952இல் வந்து இறங்கிய ஜிலேபி மீனும் ஆப்பிரிக்க வரவுதான். அது ஏதோ நம் தாத்தா காலத்து மீன் என்று இன்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழகுபடுத்தும் திட்டத்தில் கெளுத்தியும் இல்லை, விராலும் இல்லை. கைப்பிடிக் கம்பியின் நிறம் மட்டும் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. அவர்களும் முதலில் தோண்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் போரோ என்ற கிளையின் கடைப்பகுதியை, தண்ணீர் வேகமாக வரட்டும் என்று தூர்வாரி நேராக்கினார்கள். கால்வாய் கிடைத்தது, கரையோரச் சதுப்பு காய்ந்தது. பிறகு இன்னும் பெரிய அளவில் தோண்டவும், நீர்த்தேக்கம் கட்டவும் அரசு திட்டம் போட்டது. 1991 ஜனவரியில் அரசுத் தரப்பினர் மவுனுக்கு வந்து 'கோட்லா'வில் உட்கார்ந்தார்கள். கோட்லா என்றால் ஊர்ப் பொதுக்கூட்டம், நம் மந்தை மாதிரி. தலைவரும் பேசலாம், மாடு மேய்ப்பவரும் பேசலாம். என் மாணவர்களின் தாத்தாக்கள் அன்று பேசினார்கள். பழைய கால்வாயின் கரையைப் போய்ப் பாருங்கள் என்பதுதான் அவர்கள் கையில் இருந்த சான்று. திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்களை அழைத்து அரசே மறு ஆய்வு செய்தது. 1992இல் திட்டம் கைவிடப்பட்டது.

எண்ணும் வேலை அதன் பிறகுதான் சூடுபிடித்தது. 1994இல் மூன்று நாடுகளும் ஒரு நிரந்தர ஆற்று ஆணையம் அமைத்தன. அங்கோலாவில் அப்போது உள்நாட்டுப் போர். 2002 வரை ஓயவில்லை. ஓய்ந்த பிறகும் கண்ணிவெடிகள் கிடந்தன. அதனால் ஆற்றின் தலைப்பகுதி வெகுகாலம் ஆய்வாளர் கால் படாத இடமாகவே இருந்தது. பிறகு ஆணையம் ஆற்றின் நெடுகிலும் எட்டு இடங்களைத் தேர்ந்து, நீரியல், மீன், பறவை, தாவரம், கரையோரக் குடும்பங்களின் வருமானம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தது. இவ்வளவு தண்ணீர் எடுத்தால் எது சாகும், இன்னும் கொஞ்சம் எடுத்தால் எது சாகும் என்று படிப்படியாகக் கணக்குப் போட்டார்கள். கியூபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளும் சேர்ந்ததுதான் ஒகவாங்கோ. கியூபாங்கோ மழைக்குப் பொங்கும், வறண்ட மாதங்களில் ஒடுங்கும். குயிட்டோவோ மணலுக்குள் சேமித்த நீரை ஆண்டு முழுவதும் நிதானமாக விடும். குயிட்டோவில் கை வைத்தால் வறண்ட மாதங்களில் கீழே எல்லாமே தள்ளாடும் என்பது அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது.

எனக்கு அந்த ஆற்றில் மிகவும் பிடித்த சங்கதி கறையான் புற்று. ஆறு விரிந்து முடியும் சதுப்பில் உள்ள தீவுகளில் பல, கறையான் புற்றில் தொடங்கியவை. புற்றின் மேட்டில் மரம் முளைக்கிறது. வரும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் ஆவியாகவே போகிறது. அப்படியானால் மிஞ்சுவது உப்புக் குட்டையாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. தீவு மரங்கள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, உப்பு தீவின் நடுவே மண்ணுக்கடியில் போய்த் தங்கிவிடுகிறது. சுற்றியுள்ள நீர் நன்னீராகவே இருக்கிறது. மரத்தை வெட்டினால் அந்த ஏற்பாடே குலையும். புற்றுக்குப் பால் ஊற்றும் ஊரிலிருந்து போனவள் நான்; இதைப் படித்த அன்று கையெடுத்துக் கும்பிடாத குறைதான். யாரோ பல ஆண்டுகள் மண்ணைக் குடைந்து பார்த்ததால் அல்லவா இது தெரிந்தது!

இனி எங்கள் கண்மாய்க்கு வருகிறேன். அளக்க வந்தவர்கள் வந்தது வைகாசியில். வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்து நாடா பிடித்துவிட்டுப் போனார்கள். அந்த வெடிப்புக்குக் கீழே குரவை படுத்திருக்கும், நத்தை ஓட்டை மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும் என்று நாங்கள் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. கரையைக் கான்கிரீட்டால் மூடினால் நத்தைக்கு ஒதுங்க இடமில்லை. நத்தை இல்லாத இடத்துக்கு நத்தைகுத்தி நாரை எதற்கு வரும்? இதே சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்ப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டாலே எந்த மாதத்தில் என்ன பறவை வரும் என்று சொல்லிவிடுவார்கள்.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பற்றித் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. மேலே மனைப்பிரிவுக்காக அது பாதி தூர்ந்துவிட்டது. ஊருணிக்கு ஊருணி வாய்க்கால் வெட்டி, கூரையில் விழுந்த மழையைக்கூட வீணாக்காமல் முற்றத்தில் பிடித்த ஊர்க்காரர்கள் நாம். தண்ணீர் வராத கண்மாயைச் சுற்றி நடந்து எதைப் பார்ப்பது? எனக்கும் மூட்டுவலி, நடைபாதை வேண்டும்தான். ஊருக்குள் போடுங்கள்.

நான் கேட்பது ஓர் ஆண்டு அவகாசம். ஐப்பசியில் தண்ணீர் வருவதிலிருந்து மாசியில் கண்மாய் அழியும் வரை, பிறகு வறண்ட மாதங்களிலும், மாதம் ஒருமுறை மீன், பறவை, தவளை, தட்டான் எல்லாவற்றையும் எண்ணட்டும். பக்கத்துக் கல்லூரி விலங்கியல் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. ஊத்தா போடும் பெரியவரையும், கரையில் ஆடு மேய்க்கும் பெண்களையும் உட்கார வைத்துக் கேட்கட்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி எத்தனை, விரால் எத்தனை என்று முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும். அந்தக் கெளுத்தியை எப்படி ஒழிப்பது என்பதற்கும் அந்தத் திட்டத்தில் காசு ஒதுக்க வேண்டும்.

இப்போது புரட்டாசி. முதல் மழைக்கு இன்னும் சில வாரங்கள்தான். ஒப்பந்தப்புள்ளி திறப்பதற்குள் சம்பந்தப்பட்ட அலுவலர் யாராவது ஒருநாள் காலை ஆறு மணிக்குள் வந்தால், நான் கலுங்குப் பக்கம் இருப்பேன். சென்ற ஆண்டு நான் எழுதிவைத்த நோட்டையும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை,
காரைக்குடி வட்டம்