கைக்கு ஒளி, காலுக்கு என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒளியைப் பாய்ச்சி முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை என்று எல்லாக் கருவிகளையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். கதிர்வீச்சு இல்லை, சரி. ஊசி இல்லை என்பது பாதிதான் சரி.

ஜெர்மனியில் உருவான சைராலைட் என்ற கருவியில் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ரத்தக் குழாயில் ஊசி மூலம் ஏற்றியாக வேண்டும். நொடிக்கு ஒன்றாக ஆறு நிமிடத்தில் 360 படங்கள் எடுப்பார்கள், அழற்சி உள்ள மூட்டில் சாயம் கூடுதலாகச் சேர்ந்து பளிச்சென்று தெரியும். அந்தச் சாயத்தில் அயோடின் கலந்திருப்பதால் அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், இதையாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நெதர்லாந்தின் ஹேண்ட்ஸ்கேன் வேறு மாதிரி. பிரஷர் பார்ப்பதுபோல் முன்கையில் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் தடுத்து, கைக்கு ஒரு பக்கமிருந்து ஒளியைச் செலுத்தி மறுபக்கம் கேமராவில் பார்க்கிறார்கள். அழற்சி உள்ள மூட்டுச் சவ்வில் ரத்தம் அதிகம், அது ஒளியை விழுங்கிவிடும், சூட்சுமம் அவ்வளவுதான். இதற்குச் சாயம் வேண்டாம், ஒன்றரை நிமிட வேலை.

ஆனால் இரண்டுமே பார்ப்பது மணிக்கட்டையும் விரல்களையும்தான். எனக்கு இந்த நோய் ஆரம்பித்தது பாதத்தில், காலையில் எழுந்து தரையில் கால் ஊன்ற முடியாது, கையில் ஒரு வீக்கமும் இல்லை. அப்போது இந்தக் கருவியில் கையை வைத்திருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் வந்திருக்கும், நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்! முழங்கால், இடுப்பு போன்ற பெரிய மூட்டுகளைத் தாண்டி ஒளி போகாது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், நோய் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட மருந்து கேட்கிறதா என்று பார்க்கத்தான் இது உதவும். இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் மருந்தை ஆரம்பித்தால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை உடலில் அழற்சி எவ்வளவு என்று பார்க்கும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் சோதனைகள் என்று ரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், அந்த ரிப்போர்ட்டும் எந்த மூட்டில் பிரச்சினை என்று சொல்லாது. வலியில்லாமல் அடிக்கடி கையை வைத்துப் பார்க்க முடிந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம்.

அதுவரை, ஒலி அலைகளால் மூட்டின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் பவர் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் இருக்கிறதே, பாதத்தையும் முழங்காலையும் அதில் பார்க்கலாம், சாயமும் வேண்டாம். அதைப் பற்றி அடுத்த இதழில் ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி