கம்பாலா போகும் மீனா பற்றி

சைதாப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மீனாவுக்கு உகாண்டாவில், கம்பாலாவில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நம் பிள்ளைகளில் ஒருத்தியாவது நம் வேலைக்கே வந்தாளே என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அடுத்த பத்தியிலேயே எபோலா, மார்பர்க் என்று ஆரம்பித்து, "நீ தொற்றுநோய் வார்டில் இருந்தவள், மழுப்பாமல் சொல், அந்த ரத்தக்கசிவுக் காய்ச்சலெல்லாம் நிஜமாகவே எவ்வளவு ஆபத்து?" என்று கேட்டிருக்கிறாய்.

வேறு யாராவது கேட்டிருந்தால், "பயப்படாதீங்க, நல்லபடியா போய்ட்டு வரட்டும்" என்று முடித்திருப்பேன். மீனா கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருந்தாலும் அதுவே போதும். அவள் போவது வார்டுக்கு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தில் பாதியை இறக்கி வைத்துவிடலாம். எபோலா காற்றில் பரவுவதில்லை. நோயாளியின் ரத்தம், வாந்தி, பேதி, வியர்வை நம் உடம்பில் பட வேண்டும். உள்ளே போன கிருமி 2 நாளிலிருந்து 21 நாள் வரை சும்மா இருக்கும். காய்ச்சல் வராதவரை அந்த ஆளிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. தட்டம்மை வந்த ஒருவர், தடுப்பூசி போடாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். எபோலாவில் அந்தக் கணக்கு இரண்டைத் தாண்டுவது அபூர்வம். காங்கோவின் கிழக்கே 2018-லிருந்து 2020 வரை எபோலாவில் சுமார் 2,300 பேர் இறந்தார்கள், உலகமே பார்த்தது. அதே நாட்டில் 2019 தொடங்கி ஏறக்குறைய ஓராண்டுக்குள் தட்டம்மையில் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். தடுப்பூசி இருக்கும் நோய் அது. அதற்கு யார் வீடியோ அனுப்பினார்கள்?

உனக்கு வந்த வீடியோவில் கண்ணிலிருந்து ரத்தம் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் வந்தபோது வெளியே தெரிகிற மாதிரி ரத்தம் கசிந்தது ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை. அங்கே வார்டில் இருந்தவர்கள் கண்டது காய்ச்சல், அசதி, வாந்தி, நிற்காத பேதி. சிலருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டருக்கும் மேல் தண்ணீராகப் போய்விடும். அப்புறம் பிபி இறங்கும், கிட்னி நிற்கும். நாம் ட்ரெய்னிங்கில் காலரா வார்டில் பார்த்ததை நினைத்துப் பார். ஓட்டை போட்ட கட்டில், கீழே வாளி, இரண்டு கையிலும் ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ். சாயங்காலம் கண் செருகிக் கிடந்தவர் விடிகாலையில் காபி கேட்பார். எபோலா காலரா இல்லைதான், ஈரலையும் ரத்தக்குழாயையும் சேர்த்தே கெடுக்கும். ஆனாலும் போன தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைக்கிறவர்கள் நிறைய. 2014, 2015-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வைத்துப் பார்த்த எபோலா நோயாளிகள் 27 பேர். இறந்தவர்கள் 5 பேர். அதே சமயம் கினி, சியரா லியோன், லைபீரியா மூன்றிலுமாகச் சேர்த்து 28,600 பேருக்கு வந்து 11,300 பேர் இறந்தார்கள்.

அங்கே ஏன் அவ்வளவு? ஆளுமில்லை, சாமானுமில்லை. அந்தப் பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் ஒரு மணி நேரம் நிற்பதே பெரிய பாடு. அதற்குள் ஒரு சிஸ்டர் எத்தனை பேருக்கு டிரிப்ஸ் போட முடியும், எத்தனை பேரைத் துடைத்துவிட முடியும்?

எபோலாவுக்குச் சொந்தக்கார நோயான மார்பர்க்கின் கதையைக் கேட்டால் இது இன்னும் விளங்கும். 1967-ல் ஜெர்மனியின் மார்பர்க், ஃபிராங்க்ஃபர்ட், அப்புறம் பெல்கிரேடு, இந்த மூன்று ஊர்களில் ஆய்வகத்துக்கு உகாண்டாவிலிருந்து குரங்குகள் வந்தன. அவற்றைக் கையாண்டவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. என்ன கிருமி என்றே முதலில் யாருக்கும் தெரியாது, மருந்தும் கிடையாது. 31 பேரில் 7 பேர் இறந்தார்கள். 2005-ல் அங்கோலாவின் உயிஷே நகரில் அதே மார்பர்க். 27 வருஷ உள்நாட்டுப் போர் முடிந்து கொஞ்ச காலமே ஆன நாடு. 252 பேரில் 227 பேர் இறந்தார்கள், பத்துக்கு ஒன்பது. 2024 செப்டம்பரில் ருவாண்டாவில் மறுபடி. 66 பேருக்கு வந்தது, இறந்தவர்கள் 15 பேர். மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்த இரண்டு பேரை உயிரோடு வெளியே எடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் மார்பர்க்குக்கு அது முதல் தடவை. அங்கோலாவில் வந்த வகை கொஞ்சம் உக்கிரமானது என்று சொல்வதுண்டு, அதையும் கணக்கில் வைக்க வேண்டும்தான். இருந்தாலும் எல்லா வித்தியாசத்தையும் கிருமியின் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. பத்தில் ஒன்பது பேர் சாவார்களா, இரண்டு பேர் சாவார்களா என்பதில் பாதியையாவது வார்டுதான் தீர்மானிக்கிறது.

இனி நீ பயந்த பாதிக்கு வருகிறேன், கோமதி. ருவாண்டாவில் அந்த 66 பேரில் பெரும்பாலானவர்கள் யார் தெரியுமா? ஆஸ்பத்திரிக்காரர்கள். முதலில் வந்த நோயாளியை மலேரியா என்று நினைத்துப் பார்த்த டாக்டர்களும் சிஸ்டர்களும். மேற்கு ஆப்பிரிக்காவில் 800 பேருக்கு மேல் சுகாதார ஊழியர்களுக்கு வந்து, 500 பேருக்கு மேல் இறந்தார்கள். லைபீரியா தன் டாக்டர், நர்ஸ், மிட்வைஃப் எல்லோரையும் சேர்த்து நூற்றுக்கு 8 பேரை இழந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரை விட்டுவிட்டு, வாயைத் துடைத்தவரைத்தான் இந்த நோய் தேடிப் போகிறது. வீட்டில் பார்த்துக்கொண்ட அம்மா, அக்கா, இறந்த பிறகு குளிப்பாட்டியவர்கள், அப்புறம் நாம்.

ஆரம்பமே அப்படித்தான். 1976-ல் காங்கோவில், அப்போது ஜயர் என்று பெயர், யம்புக்கு என்ற ஊர் மிஷன் ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு ஐந்தே சிரிஞ்ச். காலையில் எடுத்து வைத்தால் வெளிநோயாளி, கர்ப்பிணி எல்லோருக்கும் அதுவே, நடுவில் வெந்நீரில் அலசுவதோடு சரி. 318 பேருக்கு வந்து 280 பேர் இறந்தார்கள். 17 ஊழியர்களில் 11 பேர் போய் ஆஸ்பத்திரியை மூடியபிறகுதான் பரவல் அடங்கத் தொடங்கியது. நமக்கும் அப்போது கண்ணாடி சிரிஞ்ச்தானே? ஸ்டெரிலைசரில் கொதிக்கும் வரை யாரையும் தொடவிடாமல் ஹெட் சிஸ்டர் பக்கத்திலேயே நிற்பார். கையுறையைக் கழுவிக் காயவைத்துப் பவுடர் போட்டு அடுக்குவோம், ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்போம். அந்தக் கண்டிப்பு எத்தனை உயிரைக் காத்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

மீனா போகிற உகாண்டாவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். இதை அவளும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2000-ல் வடக்கே குலு பக்கம் எபோலா வந்தது. லாக்கோர் ஆஸ்பத்திரியின் சூப்பரின்டெண்ட் டாக்டர் மேத்யூ லுக்வியா அப்போது கம்பாலாவில் மேல்படிப்பில் இருந்தார். நர்ஸிங் மாணவிகள் இறக்கிறார்கள் என்று தகவல் வந்ததும் கிளம்பி வந்தார். ராத்திரியோடு ராத்திரியாகக் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, இது எபோலாவாகத்தான் இருக்கும் என்று கண்டுபிடித்து, ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே தனி வார்டு போட்டார். சில வாரத்தில் சிஸ்டர்கள் ஒவ்வொருவராகச் சாக ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் கூடி, இனி முடியாது என்று நின்றார்கள். போகிறவர்கள் போகலாம், நான் இங்கேயே இருப்பேன் என்று பேசித்தான் அவர்களைத் திரும்ப வார்டுக்கு வரவைத்தார். ஒரு ராத்திரி, நோயில் கிடந்த ஆண் நர்ஸ் ஒருவர் ரத்தம் வழியக் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். லுக்வியாவை எழுப்பினார்கள். மாஸ்க், கவுன், கையுறை எல்லாம் மாட்டினார், கண்ணுக்கு மறைப்பு மட்டும் போடவில்லை. டிசம்பர் 5 அன்று அவரும் இறந்தார். அந்தத் தடவை உகாண்டாவில் 425 பேருக்கு வந்து 224 பேர் இறந்தார்கள். அவர் அன்றே தனி வார்டு போடாமல் இருந்திருந்தால் அது எங்கே போய் நின்றிருக்குமோ.

தூரத்து ஊர்க் கதை என்றும் தள்ளிவிட முடியாது. 2011 ஜனவரியில் குஜராத்தில் சானந்த் பக்கத்துப் பெண் ஒருவருக்குக் கிரிமியன் காங்கோ காய்ச்சல். மாட்டு உண்ணியிலிருந்து வருவது, இதுவும் ரத்தக்கசிவுக் காய்ச்சல்தான். அந்தப் பெண்ணும் இறந்தார், அவரைப் பார்த்த டாக்டரும் இறந்தார், நர்ஸும் இறந்தார். அவர்கள் என்ன நோயென்று தெரியாமலே கையைக் கொடுத்தவர்கள். அதைப் படித்த அன்று என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

இப்போது நிலைமை அன்று போல இல்லை, அதையும் சொல்ல வேண்டும். டாக்டர் முயெம்பே என்று ஒருவர், காங்கோக்காரர். 1976-ல் யம்புக்குவுக்கு முதலில் போனவர்களில் ஒருவர். கையுறை இல்லாமல் ரத்தம் எடுத்திருக்கிறார். ஊசியை உருவிய இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிந்து விரலெல்லாம் நனைந்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார், பிழைத்துக்கொண்டார். 1995-ல் கிக்விட்டில் மறுபடி எபோலா வந்தபோது, பிழைத்தவர்களின் ரத்தத்தை நோயாளிகள் எட்டுப் பேருக்கு ஏற்றிப் பார்த்தார். ஏழு பேர் பிழைத்தார்கள். இது தற்செயல் என்று அப்போது பலர் ஒதுக்கினார்கள். அவர் விடவில்லை. கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் பொருள், இன்று மருந்தாக இருக்கிறது. காங்கோவில் பரிசோதித்தபோது அதையோ அதைப் போன்ற இன்னொன்றையோ போட்டவர்களில் இறந்தது சுமாராக மூன்றில் ஒருவர். கிருமி உடம்பில் பெருகும் முன்பே வந்து சேர்ந்தவர்களில் பத்தில் ஒருவர்தான். தடுப்பூசியும் 2019-லேயே அங்கீகாரம் பெற்றது. ஆனால் எபோலாவில் பல வகை உண்டு, இதெல்லாம் ஜயர் வகைக்கு. உகாண்டாவில் அடிக்கடி வருவது சூடான் வகை; அதற்கு இன்னும் அங்கீகரித்த தடுப்பூசி இல்லை. 2025 ஜனவரியில் கம்பாலாவில் வந்ததும் அதுதான், முதலில் கண்டுபிடித்த நோயாளி ஓர் ஆண் நர்ஸ். அவர் இறந்த மறுநாளே அரசு அறிவித்துவிட்டது, சில நாளில் சோதனைத் தடுப்பூசியும் போட ஆரம்பித்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து 14 பேரோடு, 4 சாவோடு ஏப்ரலில் முடிந்தது. ஒரு பெருநகரத்தில் அதை அவ்வளவில் நிறுத்துவது லேசான காரியமில்லை. உகாண்டாக்காரர்கள் இதில் தேர்ந்தவர்கள், அது மீனாவுக்கு நல்லது.

அதனால் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடும் முன் அவள் அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்கட்டும். காய்ச்சலோடு வருகிறவர்களை வாசலிலேயே பிரித்துப் பார்க்கிறார்களா? தனி அறை இருக்கிறதா? கையுறை, கண்மறைப்பு ராத்திரி டியூட்டிக்கும் கையெட்டும் இடத்தில் இருக்குமா, ஸ்டோரில் பூட்டியிருக்குமா? உடுப்பைக் கழற்றும்போது இன்னொருவர் நின்று பார்ப்பாரா? போடுவதைவிடக் கழற்றும்போதுதான் கை தவறும், இது உனக்கே தெரியும். ஊசி குத்திவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், சம்பளத்தைப் பிடிப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்கச் சொல். ஒரு காலத்தில் நான் இருந்த ஓர் இடத்தில் திட்டுவார்கள் என்றே ஊசிக் குத்தை மறைப்பார்கள்.

ஒழுங்காகப் பதில் எழுதுகிற ஆஸ்பத்திரி என்றால் தைரியமாக அனுப்பு. சுற்றி வளைத்தால் வேறு இடம் பார்க்கலாம், நர்ஸுக்கு எங்கே வேலை இல்லை?

அப்புறம், லீவு நாளில் சிநேகிதிகளோடு வௌவால் குகை பார்க்கப் போகிறேன் என்று கிளம்பக் கூடாது. 2008-ல் உகாண்டாவின் குகை ஒன்றைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நெதர்லாந்துப் பெண் மார்பர்க்கில் இறந்தார். கொசுவலை கட்டாயம், அங்கே மலேரியாவுக்குப் பயப்படுவதுதான் தினசரிப் பயம். மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். அதுவும் இந்தக் கூட்டத்து நோய்தான், 1930-களிலேயே நல்ல தடுப்பூசி வந்துவிட்டதால் பெயர் வெளியே தெரிவதில்லை. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், எந்தக் கிழமை என்று நான் விசாரித்து வைக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில்தான், அவள் வந்து இங்கேயே தங்கிக்கொள்ளட்டும். நீயும் கூட வா. என் முழங்கால் படியேற விடுவதில்லை, அதனால் கீழ் போர்ஷனுக்கு மாறிவிட்டோம், இடம் தாராளமாக இருக்கிறது. ஜோசப் ரிட்டயர் ஆகி வீட்டிலேயேதான் இருக்கிறார், ஸ்டேஷனுக்கு வந்து அழைத்து வருவார்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தால் அப்படியே எனக்கு அனுப்பு. படித்துவிட்டு மீனாவிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
ரெஜினா